அத்தை சும்மாதானே இருக்கிறாள்!

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் எவ்வளவு நெய் எரிகின்றது, எத்தனை லக்ஷம் ஜனங்கள் மலையைச் சுற்றுகின்றார்கள், அதனால் யாருக்கு என்ன மோக்ஷம் கிடைத்தது என்பவைகளைப் பற்றி இன்று நாம் எழுத வரவில்லை. அதற்கு வேறு சமயம் உண்டு. மலையைச் சுற்றப் போகின்றவர்கள் தங்கள் பிள்ளைகளை யாரிடத்தில் விட்டுவிட்டுப் போகின்றார்கள் என்கின்ற ஒரே ஒரு கேள்வியைத்தான் இன்று கேட்க வந்திருக்கின்றோம்.

இப்படிக் கேட்டால், "இது என்ன பெரிய கேள்வி? வீட்டில் அத்தை இருக்கிறாள், பார்த்துக்கொள்ளுவாள்" என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லுகின்றார்கள். "அத்தைக்கு வேறு ஜோலி இல்லையா?" என்று திருப்பிக் கேட்டாலோ, "அவளுக்கென்ன, சும்மாதானே இருக்கிறாள்!" என்று பதில் வருகின்றது. இந்தச் "சும்மா" என்கின்ற வார்த்தைக்கு உள்ள யோக்கியதையைத்தான் வாசகர்கள் சற்று நிதானமாய்க் கவனிக்கவேண்டும். அவ்வூரில் ஒரு ஆண்பிள்ளை உண்மையிலேயே ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருந்தால், அதற்கு மௌனம் என்றும், ஞானம் என்றும், நிஷ்டை என்றும் பெயர் சொல்லி, அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்க ஆட்கள் வருகின்றார்கள். ஒரு பெண்பிள்ளை விடியற்காலை 4 மணி முதல் நடுநிசி வரையில் ஓடியாடி உழைத்தாலோ, அதற்குத்தான் "சும்மா இருக்கிறாள்" என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். ஒரே வார்த்தை ஆணுக்கு மகுடமாகவும் பெண்ணுக்கு வசவாகவும் இருப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

வெறும் வாயை மெல்லாமல் நாம் கண்ணால் கண்ட ஒரு சங்கதியையே எடுத்துக்கொள்ளுவோம். 2024-ம் வருஷம் டிசம்பர் மாதம் 13-ந் தேதி வெள்ளிக்கிழமை தீபம். அந்த ஒரு நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டால் சனி, ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை ஆகிவிடுகின்றது. பௌர்ணமியோ சனிக்கிழமை மாலையில் பிடித்து ஞாயிற்றுக்கிழமை வரையில் இருந்தது. ஆகவே தீபமும் பார்த்ததாகும், கிரிவலமும் வந்ததாகும், தாயாரைப் பார்த்ததாகவும் ஆகும் என்று சென்னையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள் அநேகர். மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நமக்குப் பழக்கமான ஒரு வீட்டிற்கும் அப்படியே இரண்டு அண்ணன் தம்பிகள் தங்கள் மனைவிமாருடன் வந்து சேர்ந்தார்கள். மூத்தவருக்கு 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பையன்கள். இளையவருக்கு 3 வயதில் ஒரு பையன். வீட்டில் நிரந்தரமாய் இருப்பவர்கள், காது மந்தமான ஒரு தாயாரும், அவ்விருவருடைய தங்கையும். அந்தத் தங்கைதான் நாம் சொல்ல வந்த அத்தை.

அந்த அம்மையாருக்கு வயது 38. தையல் மிஷின் வைத்துக்கொண்டு ரவிக்கை தைத்து, தன் செலவையும் தாயார் மருந்துச் செலவையும் தானே பார்த்துக்கொண்டு வருகின்றவர். விவாகம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்றால், 22-வது வயதில் வந்த நல்ல வரனைச் செவ்வாய் தோஷம் என்று ஒரு ஜோசியன் சொன்னதைக் கேட்டுத் தட்டிவிட்டார்கள். அப்புறம் வந்தவர்கள் கேட்ட நகைக்கு வீட்டில் வழியில்லை. அப்புறம் ஒருவரும் வரவில்லை. அந்த ஜோசியன் ஐந்து நிமிஷம் பேசினதற்குக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் பேச்சுக்கு 16 வருஷமாய்க் கூலி கொடுத்துக்கொண்டிருப்பவர் இந்த அம்மையார். கல்யாணம் ஆகாதவள் என்பதையே காரணமாகக் காட்டித்தானே "உனக்கென்ன பிள்ளையா குட்டியா, நீ பார்த்துக்கொள்" என்கின்றார்கள்? முதலில் ஒரு பொய்யைச் சொல்லி அவளுக்குக் குடும்பம் இல்லாமல் செய்வது. பிறகு குடும்பம் இல்லை என்கின்ற காரணத்தைச் சொல்லி எல்லோருடைய குடும்பத்தையும் அவள் தலையில் கட்டுவது. இதற்குப் பெயர்தான் நம் நாட்டுக் குடும்ப பாசம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீபம் ஏற்றினவுடன் நாலு பேரும் 14 கிலோ மீட்டர் கிரிவலத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். பையன்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அதற்கு 12 நாளைக்கு முந்தித்தான், டிசம்பர் 1-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடி 7 பேர் மாண்டுபோனார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அந்த வருஷம் தீபத்தன்று பக்தர்கள் மலையேறக்கூடாது என்று சர்க்காரே தடுத்துவிட்டது. மலையடிவாரத்தில் தூறல் விழுந்தாலே பிள்ளை வைத்திருக்கின்றவர்களுக்கு வயிறு கலங்கின காலம் அது. அப்படிப்பட்ட சமயத்தில் குழந்தைகளைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போகாதது புத்திசாலித்தனம் என்றே நாமும் சொல்லுவோம். ஆனால் பிள்ளைகளைப் பத்திரமாய் வைத்துக்கொள்ளுவது அவ்வளவு முக்கியமான காரியமானால், அக்காரியத்தைச் செய்கின்றவள் மாத்திரம் எப்படி "சும்மா இருப்பவள்" ஆவாள்?

சனிக்கிழமை பகல் முழுவதும் நடந்து வந்தவர்களுக்குக் கால் வலி. ஆகவே தூக்கம். பையன்கள் சத்தம் போட்டால், "அத்தையிடம் போங்கள்" என்று ஒரு அதட்டல். சாயங்காலம் பௌர்ணமி பிடித்துவிட்டது என்று மறுபடியும் மலையைச் சுற்றக் கிளம்பினார்கள். அன்று ராத்திரி மூன்று வயதுப் பையனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. தகப்பனுக்குப் போன் செய்தால் கிடைக்கவில்லை. லக்ஷக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் போன் பேசினால் எப்படிக் கிடைக்கும்? வண்டிகளைப் போலீசார் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். பெரிய பையன் இருவரையும் காது கேளாத பாட்டியிடம் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு, பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எதிரே வருகின்ற ஜனத்திரளைப் பிளந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். ஊசி போட்டு, மருந்து வாங்கி, மறுபடி நடந்து வந்து சேர மணி 2 ஆயிற்று. அன்று ராத்திரி மலையைச் சுற்றினவர்கள் கணக்கில் இந்த நடையைச் சேர்த்துக்கொள்ளுவார் யாரும் இல்லை.

விடிந்ததும் திரும்பி வந்தார்கள். விஷயத்தைக் கேட்டார்கள். "நேற்றே கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கூடாதா? வாடைக்காற்றில் வெளியே விட்டிருப்பாய்" என்று பையனுடைய தகப்பனார் சொன்னார். சொல்லிவிட்டு, காய்ச்சல்தான் இறங்கிவிட்டதே என்று, வந்ததற்கு வந்தோம் மேல்மலையனூரையும் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று, பத்து மணிக்கு நாலு பேரும் காரில் ஏறிவிட்டார்கள். இவ்வளவையும் திண்ணையிலிருந்து நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இனி அந்த அம்மையாருடைய சொந்த வேலை என்ன ஆயிற்று என்பதைக் கவனிப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். அதற்கு 8 ரவிக்கை தைத்து சனிக்கிழமை மாலைக்குள் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். மூன்றுதான் முடிந்தது. மிச்சத் துணியைக் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "இனிமேல் உங்களை நம்பினால் அவ்வளவுதான்" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் நல்ல காரியம் கூடாது என்று ஐயர் எழுதி வைத்துவிட்டபடியால் தை மாதம் வரையில் கல்யாணத் தையல் கிடையாது. ஆக, மூன்று நாள் விடுமுறையில் அண்ணன்மாருக்குப் புண்ணியம் கிடைத்ததோ இல்லையோ, தங்கைக்கு ஒரு மாதத்து வரும்படி போயிற்று என்பது மாத்திரம் நிச்சயம். அதைப்பற்றி அவ்வீட்டில் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால் இல்லை. சும்மா இருப்பவளுக்கு என்ன நஷ்டம் வந்துவிடப் போகின்றது!

சமையற் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பெரியவர்கள் 6 பேர், பையன்கள் 3 பேர், ஆக 9 பேர். மூன்று நாளைக்கு வேளை 9. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81 தட்டு. வெளியே தின்ற வேளைகளைத் தள்ளிவிட்டாலும் அறுபதுக்குக் குறையாது. இந்தக் கணக்கில் பையன்களைக் குளிப்பாட்டினது, துணி துவைத்தது, சண்டை விலக்கினது, கதை சொன்னது, ராத்திரி எழுந்து எழுந்து போர்வை போட்டது ஒன்றும் சேரவில்லை. ஒரு ஓட்டல்காரனிடத்தில் இந்த வேலையை ஒப்படைத்தால் எத்தனை ஆளுக்குச் சம்பளம் கேட்பான் என்பதை அண்ணன்மாரே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த இடத்தில், "அப்படியானால் அண்ணிமார்கள் மாத்திரம் என்ன, வருஷம் முழுவதும் அவர்களும் இதே வேலையைத்தானே செய்கின்றார்கள்? மூன்று நாள் ஓய்வு அவர்களுக்கு வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். அவர்களை நாம் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. வருஷத்தில் மிச்சமுள்ள நாள்களிலெல்லாம் அவர்கள் பட்டபாடும் இதே பாடுதான். ஆனால் ஒரு பெண் இளைப்பாறவேண்டுமானால் இன்னொரு பெண்ணின் முதுகின்மேல்தான் பாரத்தை இறக்கவேண்டுமா? அதே வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகளின் முதுகுகள் காலியாய்த்தானே இருந்தன? பெற்ற தகப்பன்மார் இருவரில் ஒருவர் ஒரு ராத்திரி, மற்றவர் ஒரு ராத்திரி வீட்டிலிருந்தால் மலை எங்கேயாவது ஓடிப்போய்விடுமா?

"என்ன இருந்தாலும் பெரியவர்கள் சோறு போட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்; இதுகூடச் செய்யக்கூடாதா?" என்று அச்சந்திலிருந்த ஒருவர் நம்மிடத்திலேயே சொன்னார். இந்தப் பேச்சைத்தான் நாம் வேரோடு அறுக்கவேண்டும். யார் யாருக்குச் சோறு போடுகின்றார்கள்? அந்த வீடு காலஞ்சென்ற தகப்பனார் தன் சம்பாத்தியத்தில் கட்டினது. உயில் ஒன்றும் எழுதவில்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில்லாமல் இறந்த தகப்பனாருடைய சுய சம்பாத்தியத்தில் பிள்ளைகளுக்குள்ள பங்கு பெண்ணுக்கும் உண்டு. அப்படியிருக்க, ஆறு வருஷத்துக்கு முன்பு அண்ணன்மார் இருவரும் வந்து, "ஒரு கையெழுத்துத்தானே, உன்னை நாங்கள் விட்டுவிடுவோமா?" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். தன் பங்கு வீட்டைச் சும்மா கொடுத்தவளைப் பார்த்துத்தான், "எங்கள் வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்கின்றார்கள். கொடுத்தவள் பிச்சைக்காரியாகவும் வாங்கினவர்கள் தருமப் பிரபுக்களாகவும் ஆகிவிட்ட இந்த அதிசயம், திருவண்ணாமலைத் தலபுராணத்தில் சொல்லப்பட்ட அதிசயங்களைவிடப் பெரிது அல்லவா?

பெண்களுக்கும் ஆண்களைப்போலவே சொத்துரிமை வேண்டும் என்று 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் செங்கற்பட்டு மாகாண சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். குடும்பப் பூர்வீக சொத்திலும் பெண்ணுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்கும் 2005-ல் வந்தது. சட்டம் வர 60 வருஷம் பிடித்தது. அதைக் கையெழுத்தால் தீர்த்துவிட அரை மணி நேரம் போதுமாயிருக்கின்றது.

நிற்க, இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல என்பதற்கு அத்திருவண்ணாமலையின் சரித்திரமே சாக்ஷி சொல்லுகின்றது. 1896-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி சனிக்கிழமை, மதுரையில் வெங்கடராமன் என்கின்ற 16 வயதுப் பையன் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1-ந் தேதி செவ்வாய்க்கிழமை திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பின்னால் ரமண மகரிஷி என்று பேர்பெற்றவர் இவரே. இந்தச் சங்கதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டார்? தகப்பனார் 1892-ல் இறந்தபின் அவரும் அவருடைய தமையனாரும் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் வளர்ந்தார்கள். அந்த வீட்டில் அவர்களுக்குச் சோறு வடித்துக் கொட்டினவர் சித்தி. புறப்பட்ட அன்று அவருக்கு இலை போட்டுப் பரிமாறினவரும் அந்தச் சித்திதான். தமையனாருடைய காலேஜுக்குக் கட்டவேண்டிய 5 ரூபாயை நம்பி எடுத்துக் கொடுத்தவரும் அந்தச் சித்திதான். பையன் அதில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, 2 ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டுப் போனான். ஒருவரும் விசனப்படவேண்டாம் என்பதாக அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தது.

விசனப்படவேண்டாம் என்று எழுதிவிட்டால் விசனம் இல்லாமற் போய்விடுமா? சனிக்கிழமை சாயங்காலம் பையன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. அந்த மூன்று நாளும் பையன் வழியில் என்ன சாப்பிட்டார், எந்தக் கோயிலில் ஜோதி கண்டார், எங்கே கடுக்கனை அடகு வைத்தார் என்பதையெல்லாம் அணு அணுவாக எழுதியிருக்கின்றார்கள். அதே மூன்று நாள், "உன்னிடத்தில் விட்டோமே, எங்கே பிள்ளை?" என்று நாலு பேர் கேட்கின்ற கேள்விக்கு அந்தச் சித்தி என்ன பதில் சொன்னார், எத்தனை வேளை உலையை மூட்டாமல் உட்கார்ந்திருந்தார் என்பதை எழுத யாருக்குத் தோன்றிற்று? இருக்கின்ற இடம் குடும்பத்தாருக்குத் தெரிய 1898-ம் வருஷம் ஆயிற்று. ஊரார் பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு காணாமற் போக்கினவள் என்கின்ற பேச்சு எத்தனை நாள் அந்த அம்மையாரைச் சுட்டிருக்கும் என்பதை, பிறத்தியார் பிள்ளையை ஒரு நாளாவது பார்த்துக்கொண்டவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பெற்ற தாயார் அழகம்மாளுக்கு, 1922-ல் இறந்த அவரை அடக்கம் செய்த இடத்தில் மாத்ருபூதேஸ்வரர் கோயில் என்று ஒரு கோயிலே எழும்பி, 1949-ல் கும்பாபிஷேகமும் ஆயிற்று. மதுரையில் அந்த வீட்டையும் நினைவு மந்திரமாக வைத்திருக்கின்றார்கள். சித்திக்கு என்ன இருக்கின்றது? கதையில் ஒரு வரி இருக்கின்றது: சோறு போட்டாள், பணம் கொடுத்தாள் என்று.

16 வயதுப் பையனை நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. போனவனைப் பாடிப் பாடி, போட்டவளை மறந்துபோன கதைசொல்லிகளைத்தான் கேட்கின்றோம்.

அக்குடும்பத்திலேயே இன்னொரு சங்கதியும் உண்டு. ரமணருடைய தம்பி நாகசுந்தரம் என்பவர் மனைவியை இழந்தபின் தாமும் சன்னியாசம் வாங்கிக்கொண்டு நிரஞ்சனானந்த சுவாமி ஆகிவிட்டார். அவருக்குத் தாயில்லாத ஒரு சிறு பையன் இருந்தான். அந்தப் பையன் என்ன ஆனான்? ரமணருடைய தங்கை அலமேலு அம்மாளும் அவருடைய கணவரும் எடுத்து வளர்த்தார்கள். அந்த அம்மையாருக்கு ஊரில் வழங்கின பெயரே "அத்தை" என்பதுதான். அப்படி வளர்ந்த பையன்தான் 1953 முதல் 1994 வரையில் அவ்வாச்ரமத்துக்குத் தலைவராயிருந்து நிர்வாகம் செய்த டி.என். வெங்கடராமன். தகப்பன் காவி கட்டிக்கொண்டு போக முடிந்ததற்கும், ஆச்ரமத்துக்கு 41 வருஷம் நடத்த ஒரு தலைவர் கிடைத்ததற்கும் காரணம் ஒரு அத்தையினுடைய அடுப்பு. ஆகவே, துறவு என்பதும்கூட, வீட்டில் துறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளையின் தயவினால் நடக்கின்ற காரியமே ஒழிய வேறில்லை. எல்லா அத்தைமாரும் ஒரே நாளில் காவி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் எத்தனை சாமியார்கள் மிஞ்சுவார்கள் என்று பார்க்கலாம்.

வீடுதான் இப்படி என்றால் சர்க்காராவது சரியாகக் கணக்கெடுத்ததா? 2001-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து "உழைக்காதவர்கள்" பட்டியலில் எழுதியிருந்தார்கள். இதை 2010-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியே ஒரு விபத்து வழக்கின் தீர்ப்பில் எடுத்துக்காட்டிக் கண்டித்தார். 2019-ம் வருஷம் இந்திய சர்க்கார் முதன்முதலாக நாடு முழுவதும் ஜனங்கள் எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் செலவிடுகின்றார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலை செய்கின்ற பெண் ஒருத்தி அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிஷமும், அவ்வேலை செய்கின்ற ஆண் 97 நிமிஷமும் செலவிடுவதாக அதில் தெரியவந்தது. அதுவும் பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அவ்வேலை செய்கின்றார்கள்; ஆண்களிலோ நூற்றுக்கு 26 பேர்தான். அத்தைமார் எல்லாம் சும்மா இருக்கின்ற லக்ஷணம் இதுதான்.

கோர்ட்டுகள் சற்றுக் கண் திறந்திருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். 2021-ம் வருஷம் ஜனவரி மாதம், விபத்தில் இறந்த மனைவி சம்பாதிக்காதவள் என்று நஷ்டஈட்டைக் குறைக்கக்கூடாது, அவள் வீட்டு வேலைக்கும் விலை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கின சொத்தில், வீட்டைக் காத்த மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று 2023-ம் வருஷம் ஜூன் மாதம் சென்னை ஹைக்கோர்ட்டு சொல்லிற்று. சந்தோஷம். ஆனால் இவைகளெல்லாம் மனைவிக்குக் கிடைத்தவை. மனைவியும் ஆகாமல், தாயும் ஆகாமல், பிறத்தியார் பிள்ளையைத் தூக்கி வளர்த்த அத்தைக்கு எந்தத் தீர்ப்பில் இடம் இருக்கின்றது? தமிழ்நாட்டு சர்க்கார் 2023-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கினபோது, தருமம் என்று சொல்லாமல் "உரிமை" என்று பேர் வைத்ததை நாமும் பாராட்டுகின்றோம். ஆனால் அது ஒரு குடும்ப அட்டைக்கு ஒருத்திக்கு என்று வைத்த திட்டம். அட்டையில் தலைவி ஒருத்தி, அடுப்படியில் உழைப்பவள் இன்னொருத்தி என்றால், இரண்டாமவள் அங்கேயும் சும்மா இருப்பவள்தான்.

கூலி கொடுக்கும்போதுகூட இந்தப் புத்தி போவதில்லை. 1975-ம் வருஷம் தொடங்கின அங்கன்வாடிகளில் பிறத்தியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லக் கூசி, "மதிப்பூதியம்" என்று பேர் வைத்தார்கள். பணிக்கொடை கொடுக்கவேண்டும் என்று அவர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய் 2022-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில்தான் தீர்ப்பு வாங்க முடிந்தது. பிள்ளை பார்ப்பது பெண்ணுக்குப் பிறவிக் குணம், அதற்கு எதற்குக் கூலி என்கின்ற வீட்டு நியாயம்தான் சர்க்கார் வரையில் போயிருக்கின்றது.

இந்தப் பிறவிக் குணம் என்கின்ற கதை எப்படிப்பட்டது என்பதை ஐஸ்லாந்து தேசத்துப் பெண்கள் ஒரே நாளில் காட்டிவிட்டார்கள். 1975-ம் வருஷம் அக்டோபர் மாதம் 24-ந் தேதி வெள்ளிக்கிழமை, அத்தேசத்துப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், "இன்று எங்களுக்கு லீவு" என்று ஆபீசையும் அடுப்பையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வீதிக்கு வந்துவிட்டார்கள். ஆண்பிள்ளைகள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகவேண்டியதாயிற்று. அந்த நாளை அவர்கள் "நீண்ட வெள்ளிக்கிழமை" என்றே அழைத்தார்கள். நமது ஆண்பிள்ளைகளுக்கு மூன்று நாள் விடுமுறை போதாமல் இருக்கின்றது; அத்தேசத்து ஆண்பிள்ளைகளுக்குப் பெண்ணில்லாத ஒரே நாள் நீண்டுபோயிற்று! அடுத்த வருஷமே அங்கு ஆண் பெண் சமத்துவச் சட்டம் வந்தது. 1980-ல் விக்டிஸ் என்கின்ற ஒரு பெண்மணியை ஜனங்கள் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவரும் தனித்திருந்து ஒரு குழந்தையை எடுத்து வளர்த்தவர்தான் என்பதையும் கவனிக்கவேண்டும்.

ஆகவே நாம் சொல்ல வருவது என்னவென்றால், அத்தை தன் மருமக்களைப் பார்க்கவே கூடாது என்பதல்ல. அந்த மூன்று வயதுப் பையனுக்குக் காய்ச்சல் தெளிந்த பிறகு, அவன் அந்த அம்மையாருடைய முந்தானையை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்ததை நாம் பார்த்தோம். அந்தப் பிரியம் பொய்யல்ல. பிரியம் உண்மையாயிருப்பதனாலேயே அதைக் கூலியில்லாத அடிமைத்தனத்துக்குச் சாக்காக்கிக்கொள்ளுகின்றார்களே என்பதுதான் நமது ஆத்திரம். பாசம் என்றால் இரண்டு பக்கமும் இருக்கவேண்டும். ஒரு பக்கம் மாத்திரம் இருப்பதற்குப் பெயர் பாசமல்ல, கயிறு.

தோழர்களே! நீங்கள் செய்யவேண்டிய காரியங்கள் சில உண்டு. அவைகளுக்கு மகாநாடு கூட்டவேண்டியதில்லை. உங்கள் உங்கள் வீட்டிலேயே செய்யலாம்.

முதலாவது, பிள்ளைகளை விடுவதற்கு முந்தி, "உனக்குச் சௌகரியப்படுமா?" என்று கேளுங்கள். கேட்பதென்றால், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்பதல்ல. ஒரு வாரத்துக்கு முந்திக் கேட்பது. "முடியாது" என்று அவள் சொன்னால் முகத்தைச் சுளிக்காமல் ஒத்துக்கொள்ளுவது. இரண்டாவது, அவளுக்குத் தொழில் இருந்தால் அந்த நாள்களின் வரும்படியை எண்ணி அவள் கையில் கொடுங்கள். "வீட்டுப் பெண்ணுக்குக் கூலியா?" என்று வெட்கப்படவேண்டாம், வேலை வாங்க வராத வெட்கம் கூலி கொடுக்க மாத்திரம் ஏன் வரவேண்டும்? மூன்றாவது, ஆண்பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு இருங்கள். ஒரு ராத்திரி தூங்காமல் மலையைச் சுற்ற முடிகின்ற கால்களுக்கு, ஒரு ராத்திரி தூங்காமல் தொட்டிலை ஆட்டவும் முடியும். நான்காவது, தங்கையிடமும் தமக்கையிடமும் விடுதலைப் பத்திரம் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் அவள் பங்கைத் திருப்பி அவள் பேருக்கே எழுதிக்கொடுங்கள். அப்புறம் அவள் உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அது தன் வீட்டில் தன் இஷ்டத்தினால் செய்கின்ற உபகாரமாய் இருக்கும்.

பெண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. "முடியாது" என்கின்ற சொல் உங்கள் நாக்குக்கும் சொந்தமானதுதான். முதல் தடவை சொல்லும்போது வீடு இடிந்து விழுவதுபோல் சத்தம் கேட்கும். விழாது. சொல்லிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எல்லோரும் சென்னைக்குக் கார் ஏறினார்கள். மூத்த அண்ணன் தாயார் காலில் விழுந்து எழுந்து, தங்கையைப் பார்த்து, "பொங்கலுக்கு நாலு நாள் லீவு வருகிறது, பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறோம், நீ சும்மாதானே இருப்பாய்?" என்றார். ஒன்பது வயதுப் பையன் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அப்பா, அத்தை மூன்று நாளாய் உட்காரவே இல்லையே?" என்று கேட்டான். தகப்பனாரிடத்தில் பதில் இல்லை. வண்டி போய்விட்டது.

ஒன்பது வயதுப் பையனுக்குக் கண்ணில் பட்டது மற்றவர்களுக்கும் படவேண்டும் என்பதற்காகவே இதை எழுதினோம்.